எள்ளளவு டம்ளர்

"அதே பெயிண்ட்தான் டீச்சர். ஆனா அந்த வண்டி மாதிரி இல்லை."

திருமூர்த்தி ஒரு ஜாண் நீளக் காரை மேசைமேல் வைத்தார்.

அமலோற்பவம் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அதே பெயிண்ட்னா எந்தப் பெயிண்ட்?"

"பெரிய வண்டிக்கு அடிச்சதுல மிச்சம் இருந்த டப்பா. அவங்க ஷெட்டுல கெடந்துச்சு. தொறந்து அப்படியே அடிச்சேன். கலர்ல ஒரு சொட்டு வித்தியாசம் இருக்காது. வேணும்னா டப்பாவைக் கொண்டாந்து காட்டறேன்."

"வேண்டாங்ணா. நம்பறேன்."

"அப்புறம் ஏன் பொம்மையாட்டம் இருக்குது?"

"அதே பெயிண்ட்டை அடிச்சதாலதான்."

திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் அவர்கள் வேலை செய்தார்கள். பழைய கார்களை, அவை நிற்கிற நிலையிலேயே, இருபத்துநாலில் ஒரு பங்காகச் செய்வது வேலை. கீழே லேத் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அதனால் மெல்லிய கோடுகளையெல்லாம், கீழே இருப்பவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில்தான் போடுவார்கள்.

அமலோற்பவம் ஆசிரியர். திருமூர்த்தி மாணவர். ஆசிரியருக்கு மாணவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் மாணவரை அண்ணா என்பார். மாணவர் அவரை டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

திருமூர்த்தி முன்பு பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் இடத்தில் பெயிண்டராக இருந்தார். மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இங்கே சேர்ந்ததிலிருந்து அவருக்கு டயர் மட்டும்தான். அச்சில் வார்த்த டயர் பளபளவென்று இருக்கும். வண்டியின் எடையைத் தாங்கி நிற்பதுபோல் அடியில் லேசாகத் தட்டையாகும்வரை அதை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் நுனியில் ரேகையே போய்விட்டது.

"எனக்கு ஒரு முழு வண்டி குடுங்க டீச்சர்" என்று அவர் கேட்காத மாதம் இல்லை.

கடைசியில் கொடுத்தார்.

ஜெயவர்தன் என்பவர் ஒரு மில் குடும்பத்துப் பேரன். மில்லின் பழைய அலுவலகத்தைக் காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வைக்கத் தன் தாத்தாவின் பிளைமவுத் காரைச் சின்னதாகச் செய்து தரச் சொல்லியிருந்தார். "அச்சு அசலா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

"இந்த வண்டி உங்களோடது" என்றார் அமலோற்பவம். "நான் கை வெக்க மாட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சுன்னா உங்களுக்குத் தனி மேசை. திரும்பி வந்துச்சுன்னா மறுபடியும் டயர்."

"திரும்பி வராது."

"சரி."

அந்த வண்டிதான் இப்போது பொம்மைபோல மேசைமேல் நின்றது.

"எடுத்துக்குங்க" என்றார் அமலோற்பவம். "பெரிய வண்டிகிட்டப் போலாம்."

*

ஜெயவர்தன் வீட்டு ஷெட்டுக்கு முன்னால் பிளைமவுத் வெயிலில் நின்றது. கரும்பச்சை நிறம். யாரோ காலையில் துடைத்திருந்தார்கள்.

அமலோற்பவம் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"சின்ன வண்டியைக் கையில வெச்சுக் கையை நீட்டுங்க. அப்படியே பின்னால நடங்க."

திருமூர்த்தி நடந்தார்.

"இன்னும்."

செம்பருத்திச் செடி முதுகில் இடித்தது.

"இன்னும்."

"கேட்டு வந்துடுச்சு டீச்சர்."

"தொறந்துக்கிட்டு நடங்க."

ரோட்டுக்கு வந்துவிட்டார். நீட்டிய கையில் காரோடு நிற்கிறவரைப் பார்த்து ஓர் ஆட்டோ நின்றது.

"ஏனுங்ணா, பார்க்கிங் கெடைக்கலீங்களா?"

திருமூர்த்தி சொல்ல நினைத்ததை டீச்சருக்காக விழுங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அமலோற்பவம் சத்தம் போட்டார்: "ரெண்டு வண்டியும் ஒரே அளவாத் தெரியுதுங்களா?"

"தெரியுது!"

"இது என்ன கலரு?"

அவர் பார்த்தார். கையில் இருந்தது கரும்பச்சை. தூரத்தில் நின்றது கரும்பச்சை இல்லை. பச்சையின்மேல் யாரோ சாம்பலை ஊதிவிட்டதுபோல் இருந்தது.

"வெளுத்திருக்குது டீச்சர்!"

"வெளுக்கலை. நடுவுல வெயிலும் தூசியும் இருக்குது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"அதையும் டப்பாவுல கலக்குங்க."

திருமூர்த்தி அடித்த பெயிண்டை எல்லாம் சுரண்டினார். கலந்தார். அடித்தார். சுரண்டினார். வெள்ளை கூடினால் செத்த பச்சையானது. சாம்பல் கூடினால் ராணுவ வண்டியானது. ஒருநாள் கீழே லேத் நின்றது. திருமூர்த்தி வண்டியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏறி உக்காரலாம்போல இருக்குதுங்ணா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

*

"உள்ளே என்னென்ன செய்யட்டும்?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"உள்ளே என்னென்ன இருக்குது?"

"சீட்டு, ஸ்டியரிங், கடிகாரம், சாம்பல் கிண்ணம். மத்தது எல்லா பிளைமவுத்துலயும் இருக்கறதுதான். படத்தைப் பார்த்து செஞ்சுடலாம்."

"எல்லா பிளைமவுத்தையுமா செய்யறீங்க?"

திருமூர்த்தி மறுபடியும் ஷெட்டுக்குப் போனார்.

கடிகாரம் நின்றுபோயிருந்தது. பிரேக் மிதியின் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பின் சீட்டின் இடது பக்கம் குழிந்திருந்தது. ஜெயவர்தனின் தாத்தா எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவர் சீட்டின் ரெக்ஸின் கிழிந்து, வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு எட்டாத இடங்களில் அவர் விரலை விட்டுப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில், கதவுப் பக்கமாக, இரும்பு தட்டுப்பட்டது.

ஒரு வளையம். சீட்டின் சட்டத்தோடு பற்றவைத்த வளையம். அதற்குள் ஓர் அலுமினிய டம்ளர்.

அவர் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். டம்ளரின் விளிம்பு ஓரிடத்தில் உள்பக்கமாக நெளிந்திருந்தது. வளையம் உரசி உரசி டம்ளரின் உடம்பில் ஒரு கோடு விழுந்திருந்தது.

ஜெயவர்தன் காபியோடு வெளியே வந்தார். அவர் கையில் எவர்சில்வர் டபராவும் டம்ளரும். பின்னாலேயே ஒரு பெண் வந்து திருமூர்த்தியிடம் பேப்பர் கப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்ன, தரையிலயே உக்காந்துட்டீங்க?"

"இது என்னங்க?"

ஜெயவர்தன் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட! இன்னும் இருக்குதா அது? வேலானோட டம்ளர். தாத்தாவுக்கு டிரைவர். அவன் எங்கே போனாலும்..." நிறுத்தினார். "அவர் எங்கே போனாலும் அது வண்டியிலயே இருக்கும். போற வீட்டுல காபி குடுத்தா இதை நீட்டுவார். மேல இருந்து ஊத்துவாங்க. குடிச்சுட்டு, அவரே பைப்புல கழுவி, அவரே மாட்டிக்குவார்."

"உங்க வீட்டுலயுமுங்களா?"

"எங்க வீட்டுலயும்தான். அப்ப அப்படித்தானுங்களே."

"வளையத்தை யாருங்க வெச்சது?"

"தாத்தாதான். டம்ளர் உருண்டு உருண்டு சத்தம் போடுதுன்னு மில்லுல இருந்து வெல்டரைக் கூப்பிட்டு வெக்கச் சொன்னாராம். தாத்தாவுக்குச் சத்தமே ஆகாது."

திருமூர்த்தி பேப்பர் கப்பைத் தரையில் வைத்தார்.

ஜெயவர்தன் ஒரு வாய் குடித்தார். "நீங்க எந்த ஊருங்க?"

"உடுமலைப் பக்கமுங்க."

"உடுமலைப் பக்கம்னா எங்க?"

"பக்கத்து ஊருதானுங்க. பஸ்ஸு போகும்."

"ஊருக்குள்ள எந்தத் தெருங்க?"

"வீட்டுக்கு வரப் போறீங்களா சார்? என்னிக்குன்னு சொல்லுங்க. கறி எடுத்து ஆக்கி வெக்கச் சொல்றேன்."

ஜெயவர்தன் சிரித்தார். பிறகு காபியைக் குடித்து முடிப்பதில் கவனமானார்.

*

"டீச்சர், வண்டியில ஒரு டம்ளர் இருக்குது."

திருமூர்த்தி நடந்ததைச் சொன்னார். அமலோற்பவம் வேறொரு வண்டியின் ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"செய்யட்டுமா?"

"வண்டியில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரு வெச்சது?"

"வண்டி முதலாளியே வெச்சது."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"பிரச்சினை வந்துடும்னு தோணுதுங்க."

"தோணறதை எல்லாம் செய்ய முடியாதுங்ணா. பார்த்ததைச் செய்யலாம்."

திருமூர்த்தி செய்ய உட்கார்ந்தார்.

இருபத்துநாலில் ஒரு பங்கு டம்ளர் என்றால் எள் அளவு. அலுமினியத் தாளை ஊசியின் மழுங்கிய பக்கத்தில் சுற்றி, தேய்த்து, அடி ஒட்டி, விளிம்பு மடிக்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும். பறந்தது.

ஆசிரியரும் மாணவரும் டார்ச்சோடு தரையில் தவழ்ந்தார்கள்.

கீழேயிருந்து லேத் ஓட்டும் நாகூர்கனி ஸ்பேனரைத் திருப்பிக் கேட்க மேலே வந்தார்.

"என்னங்கம்மா தேடறீங்க?"

"டம்ளரு" என்றார் அமலோற்பவம், மேசைக்கு அடியிலிருந்து.

"கீழ நாலு கெடக்குது. கொண்டாரட்டுங்களா?"

திருமூர்த்தி மறுபடியும் ஒன்று செய்தார். இந்த முறை பறக்கவில்லை. வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆசிரியரிடம் லென்ஸைக் கொடுத்தார்.

அமலோற்பவம் நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்குது."

"ஆமாங்க டீச்சர்!"

"பாத்திரக் கடையில இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்தாப்பல இருக்குது. இதுல யாரு குடிச்சது?"

திருமூர்த்தி அதை ஊசியால் குத்தி எடுத்தார். எறிந்துவிட்டார்.

அடுத்ததன் விளிம்பை ஓரிடத்தில் உள்பக்கமாக நெளித்தார். வளையம் உரசிய கோட்டைப் போட்டார். அடியில் கறுப்புத் தொட்டு வைத்தார். அதற்குள் கீழே டீ நேரம் முடிந்து லேத் ஓட ஆரம்பித்துவிட்டது. மேசை நடுங்கியது. டம்ளரும் வளையத்துக்குள் நடுங்கியது. விழவில்லை.

லென்ஸை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அமலோற்பவமும் கேட்கவில்லை.

*

காட்சிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் வண்டியை ஜெயவர்தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல் போட்டு, அதன்மேல் சின்ன வண்டியை வைத்தார்கள். வெயிலில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டியைக் கொடுப்பது அமலோற்பவத்தின் வழக்கம்.

ஜெயவர்தன் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேடம், இது என்ன மேடம் இது! தேய்ஞ்ச டயர் மேடம்!"

"அது அண்ணாவுக்குக் கை வந்த வேலை" என்றார் அமலோற்பவம்.

பின் கதவைக் குண்டூசியால் திறந்து காட்டினார்கள். குழிந்த சீட்டைப் பார்த்ததும் ஜெயவர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாத்தா இங்கதான் உக்காருவார். நான் அவர் மடியில. ஜன்னலைத் தொறக்கவே விட மாட்டார்." திருமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "எப்படிங்க பண்ணினீங்க இதை?"

"பார்த்தேனுங்க."

"அந்தக் கதவு?"

திருமூர்த்தி டிரைவர் கதவைத் திறந்தார். லென்ஸைக் கொடுத்தார்.

ஜெயவர்தன் குனிந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தைத்த ரெக்ஸினைப் பார்த்தார். இன்னும் குனிந்தார். அப்படியே இருந்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எல்லாம் பிரமாதம். இது மட்டும் வேண்டாம். எடுத்துடுங்க."

"எதுங்க?" என்றார் திருமூர்த்தி.

"உங்களுக்குத் தெரியும் எதுன்னு."

"நீங்க சொல்லுங்க."

"அந்த டம்ளர்."

"ஏனுங்க?"

"நாளைக்கு நிறையப் பேர் வர்றாங்க. பார்த்தா தப்பா நினைப்பாங்க."

"என்னன்னு நினைப்பாங்க?"

ஜெயவர்தன் அமலோற்பவத்தைப் பார்த்தார். அமலோற்பவம் சின்ன வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலம் அப்படிங்க" என்றார் ஜெயவர்தன்.

"வண்டியும் அந்தக் காலத்து வண்டிதானுங்களே."

"எதுக்குங்க வம்பு? பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவோம். கதவு மூடியிருக்கும். சீட்டுக்கு அடியில இருக்கறது ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. எடுத்துட்டா என்ன நஷ்டம்?"

"ஒருத்தருக்கும் தெரியாதுன்னா, இருந்தா என்னங்க நஷ்டம்?"

"எனக்குத் தெரியுமே!"

சொன்னபிறகு அவருக்கே குரல் உயர்ந்தது தெரிந்தது. தணித்துக்கொண்டார்.

"என் பொண்ணு காலேஜ்ல படிக்கறா. நாளைக்கு அவதான் எல்லாருக்கும் சுத்திக் காட்டப் போறா. எதையும் விட மாட்டா. குனிஞ்சு குனிஞ்சு பாப்பா. அப்பா இது என்னன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்ல?"

"எங்கிட்டச் சொன்னீங்களே, வேலானோட டம்ளர்னு. அதையே சொல்லுங்க."

"உங்ககிட்டச் சொல்றதும் அவகிட்டச் சொல்றதும் ஒண்ணுங்களா?"

திருமூர்த்தி அவரையே பார்த்தார்.

ஜெயவர்தன் அமலோற்பவத்தின் பக்கம் போனார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. பெயிண்டே அசல் பெயிண்ட் இல்லைன்னு சொன்னீங்க. வெளுப்பாக்கி அடிச்சிருக்கோம், அப்பத்தான் சரியா இருக்கும்னீங்க. நான் ஒத்துக்கிட்டேன். அதை மாத்தலாம், இதை மாத்தக் கூடாதா?"

அமலோற்பவம் தலையசைத்தார்.

"நல்ல கேள்வி. அண்ணா, சொல்லுங்க."

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. திருமூர்த்தி பெரிய வண்டியைப் பார்த்தார். சின்ன வண்டியைப் பார்த்தார்.

"அசல் பெயிண்ட் அடிச்சப்போ பொம்மையாட்டம் இருந்துச்சுங்க" என்றார் மெதுவாக. "மாத்தினப்புறம் உங்க தாத்தா வண்டியாச்சு. இதை எடுத்தா மறுபடியும் பொம்மையாயிடும்."

"எள்ளு மாதிரி ஒரு டம்ளர்! அதை எடுத்தா பொம்மையாயிடுமா?"

"ஆமாங்க."

"சரி, எனக்குப் பொம்மையே போதும்."

கேட்டருகே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காவலாளி ரேடியோவை அணைத்தார்.

"நான் ஒண்ணும் கெட்டவன் இல்லைங்க" என்றார் ஜெயவர்தன். "எங்க தாத்தாவும் கெட்டவர் இல்லை. வேலான் மக கல்யாணத்தை முழுக்க அவர்தான் பண்ணி வெச்சார். வேலானை வீட்டுல ஒருத்தராட்டம்தான் வெச்சிருந்தோம். யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"கேக்க வேண்டாங்க. நம்பறேன்."

"அப்புறம் என்ன? எடுங்க."

"எடுக்க மாட்டேனுங்க."

"எடுக்காட்டி எனக்கு இந்த வண்டியே வேண்டாம்."

அமலோற்பவம் திருமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணா. வண்டி திரும்பி வந்தா டயர். நான் சொன்னது சொன்னதுதான். மாத்த மாட்டேன்."

"தெரியும் டீச்சர்."

"தனி மேசை இல்லை."

"இல்லாட்டிப் போகுது."

"கோவத்துல சொல்றீங்களா?"

"கோவமும் இருக்குதுங்க. கோவம் போனாலும் இதைத்தான் சொல்வேன்."

அமலோற்பவம் தன் பையைத் திறந்து, மெல்லிய நுனியுள்ள இடுக்கியை எடுத்தார். அவர் யாருக்கும் கொடுக்காத இடுக்கி அது. அதை ஜெயவர்தனிடம் நீட்டினார்.

"டீச்சர்!" என்றார் திருமூர்த்தி.

"இருங்ணா." அவர் ஜெயவர்தனைப் பார்த்தார். "அவர் எடுக்க மாட்டார். அவர் செஞ்சதுல நான் கை வெக்க மாட்டேன். வேண்டாங்கறவர் நீங்க. நீங்களே எடுங்க. எடுத்துட்டு வண்டியை வெச்சுக்குங்க. நாங்க தடுக்க மாட்டோம்."

"நானா?"

"சுலபந்தான். வளையத்துல சும்மாதான் உக்காந்திருக்குது. ஒட்டலை."

ஜெயவர்தன் இடுக்கியை வாங்கினார். ஸ்டூல் குட்டை. நின்றுகொண்டு எட்ட முடியவில்லை. குனிந்தும் முடியவில்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சரளைக்கல்லில் மண்டி போட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தடவை இடுக்கி கதவில் இடித்தது.

"மெதுவா" என்றார் திருமூர்த்தி. அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "கீழ இருந்து போகாதீங்க. விளிம்பைப் பிடிங்க. நெளிஞ்சிருக்கும் பாருங்க, அந்த இடத்துல."

ஜெயவர்தன் விளிம்பைப் பிடித்தார். மூச்சை அடக்கினார். தூக்கினார்.

டம்ளர் வெளியே வந்தது. இடுக்கியின் நுனியில் வெயில் பட்டு மினுங்கியது.

அவர் மண்டி போட்ட நிலையிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்தார். தரையைப் பார்த்தார். சரளைக்கல். விழுந்தால் கிடைக்காது. பெரிய வண்டியின் பானெட்டைப் பார்த்தார். சரிவு. உருண்டுவிடும். சட்டைப்பையைப் பார்த்தார். நசுங்கிவிடும். இடது உள்ளங்கையை அதன் கீழே கொண்டுவந்தார். பிறகு, ஏனோ, விலக்கிக்கொண்டார்.

"மேடம், இதை எங்க வெக்கறது?"

"செஞ்சவர்கிட்டக் கேளுங்க."

ஜெயவர்தன் திரும்பினார். இடுக்கி பிடித்த கை அப்படியே நீண்டிருந்தது.

"எங்கங்க வெக்கட்டும்?"

திருமூர்த்தி வீட்டு வாசலைக் காட்டினார்.

"உள்ள கொண்டுபோங்க சார். உங்க டம்ளருங்களோட வைங்க."